தோற்ற வேட்பாளரும் வாக்குச்சீட்டும்: நியூயார்க் மேயர் தேர்தல்களில் தோல்வியின் பயன்

1. பொருளும் எல்லையும்

மாநகர மேயர் தேர்தலில் தோற்றவர்களுக்கு வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் தருவதில்லை. சட்டமன்றத்தில் ஒரு தொகுதியை இழந்த கட்சி இன்னொரு தொகுதியில் வென்று எதிர்வரிசையில் அமர்ந்து தன் கொள்கையைப் பேச முடியும். மேயர் நாற்காலி ஒன்றே என்பதால், சில ஆயிரம் வாக்குகளில் வெற்றியை நழுவவிட்டவரும் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டவரும் எண்ணிக்கை முடிந்த மறுநாள் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். ஆயினும் நியூயார்க் மாநகரின் தேர்தல் வரலாற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு, வென்றவர்கள் நிறைவேற்றிய பல திட்டங்கள் முதலில் தோற்றவர்களின் அறிக்கைகளில் இடம்பெற்றவை என்பதும், அந்நகரில் வாக்களிக்கும் முறையே தோற்றவர்களின் வழக்கைக் கேட்டுக் கேட்டு மாறிவந்தது என்பதும் தெளிவாகும்.

இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. ஒரு தோல்வி பயனுள்ளதாவதும் வீணாவதும் வேட்பாளரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. அவருக்கு விழுந்த வாக்கு எந்த வகைச் சீட்டில் பதிவாயிற்று, எந்த முறையில் எண்ணப்பட்டது என்பதையும் பொறுத்தது. இதற்கு நியூயார்க்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1834 முதல் அந்நகர மக்கள் தங்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து வருகிறார்கள். இந்த நெடுங்காலத்தில் பல வாக்குமுறைகள் அங்கே நடைமுறைக்கு வந்து மாறியிருக்கின்றன.

தோற்றவர் கொள்கை எல்லாம் நற்கொள்கை என்று இவ்வாராய்ச்சி கருதவில்லை. தந்திக் கருவியின் வரலாற்றில் அறியப்படும் சாமுவேல் மோர்ஸ், குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்த்த அணியின் சார்பில் 1836-இல் மேயர் பதவிக்குப் போட்டியிட்டு, ஏறத்தாழ 1,500 வாக்குகளே பெற்றார். 1841-இல் மீண்டும் நின்று மீண்டும் தோற்றார். ஆனால் அதே வெறுப்பை முன்வைத்த கட்சியின் வேட்பாளராக, பதிப்பாளர் ஜேம்ஸ் ஹார்ப்பர் 1844-இல் மேயரானார். தோல்வி நல்ல விதையைப் போலவே நச்சு விதையையும் காத்துவைக்கும் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளுதல் தகும்.

2. ஹென்றி ஜார்ஜ்: 1886

தோற்றவர் வரிசையில் முதன்மையாகப் பேசத்தக்கவர் ஹென்றி ஜார்ஜ். 1839-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, அச்சுக்கோப்பவராகவும் இதழாசிரியராகவும் கலிஃபோர்னியாவில் உழைத்து, 1879-இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலால் உலகப் புகழ் பெற்றவர் அவர். நகரம் வளர வளர நிலத்தின் மதிப்பு உயர்கிறது. அந்த உயர்வு நிலக்காரரின் உழைப்பால் வந்ததன்று, சமூகம் முழுவதன் பெருக்கத்தால் வந்தது. ஆகவே பிற வரிகளை நீக்கிவிட்டு நிலமதிப்பின் மீது மட்டும் வரி விதித்து அதைப் பொதுச்செலவுக்கு எடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இதுவே ‘ஒற்றை வரி’ எனப் பெயர்பெற்றது. வாடகைக் குடியிருப்புகளில் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த நியூயார்க் தொழிலாளருக்கு இது ஏட்டுப் பொருளாதாரமாகத் தோன்றவில்லை. தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான மத்தியத் தொழிலாளர் சங்கம் 1886-இல் அவரைப் போட்டியிட அழைத்தபோது, குறைந்தது 30,000 பேர் கையொப்பமிட்டு ஆதரவு தெரிவித்தால்தான் நிற்பேன் என்று அவர் நிபந்தனை விதித்தார். கையொப்பங்கள் அதற்கு மேலும் குவிந்தன.

அப்போது நகரில் ஓங்கியிருந்தது டம்மனி ஹால். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சங்கமாகத் தோன்றி, பின்னர் டெமாக்ரடிக் கட்சியின் நகரக் கிளையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த அமைப்பு இது. புதிதாக வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளுக்கு வேலை, குளிர்காலத்துக்கு நிலக்கரி, வழக்கு வந்தால் ஜாமீன் என்று கைகொடுத்து, அதற்கு ஈடாக வாக்கைப் பெற்றுக்கொள்வது அதன் தொழில்முறை. ஜார்ஜ் பிற்காலத்தில் கூறியபடி, நகர அதிகாரி வில்லியம் ஐவின்ஸ் அவரைச் சந்தித்து, போட்டியிலிருந்து விலகினால் நாடாளுமன்ற இடம் ஒன்று உறுதி என்று சொல்லியிருக்கிறார். வெல்லவே முடியாத ஒருவரை விலக்க இத்தனை முயற்சி எதற்கு என்று ஜார்ஜ் கேட்டதற்குக் கிடைத்த விடை, அவர் வெல்ல மாட்டார், ஆனால் அவர் நிற்பதே பெருங்கலகத்தைக் கிளப்பிவிடும் என்பதாக இருந்தது. தோற்கப்போகும் வேட்பாளரின் ஆற்றலை எதிரியே அளந்து சொன்ன மதிப்பீடு அது.

டம்மனியும் அதற்கு எதிராக நின்ற டெமாக்ரடிக் பிரிவும் அச்சத்தால் ஒன்றுசேர்ந்து, இரும்பாலை அதிபர் ஆப்ரம் ஹெவிட்டை நிறுத்தின. ரிபப்ளிகன் கட்சி 28 வயது தியோடர் ரூஸ்வெல்ட்டை நிறுத்தியது. ஹெவிட் 90,552 வாக்குகளும், ஜார்ஜ் 68,110 வாக்குகளும், ரூஸ்வெல்ட் 60,435 வாக்குகளும் பெற்றனர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் அதிபராகவிருந்தவர், அன்று பெருங்கட்சி எதையும் சாராத ஓர் எழுத்தாளருக்குப் பின்னால் மூன்றாம் இடத்தில் நின்றார்.

3. சீட்டை அச்சிட்டவர் யார்?

இந்த எண்ணிக்கையின் பொருளை உணர்வதற்கு அக்கால வாக்குச்சீட்டை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய நியூயார்க்கில் வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை, கட்சிகளே அச்சிட்டன. வாக்குச்சாவடிக்கு வெளியே கட்சி ஆட்கள் தத்தம் வேட்பாளர் பெயர் அச்சிட்ட தாள்களோடு நின்றார்கள்; வாக்காளர் அவர்களில் ஒருவரிடம் சீட்டை வாங்கி, பலர் பார்க்க உள்ளே சென்று பெட்டியில் சேர்த்தார். யாரிடம் சீட்டு வாங்கினார் என்பதைத் தெருவே கண்டது. முதலாளியின் ஆளும் கண்டான், கட்சியின் வட்டாரத் தலைவனும் கண்டான். ஒரு கட்சியின் சீட்டிலுள்ள ஒரு பெயரை மட்டும் விரும்பாதவர், பின்புறம் பசை தடவிய துண்டுத்தாளில் அச்சிட்ட வேறு பெயரை அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். இந்த ஒட்டுச்சீட்டுகளையும் யாரேனும் அச்சிட்டுக் கையில் கொடுத்தால்தான் உண்டு. இந்தியத் தேர்தல்களில் உள்ள டெபாசிட் கட்ட வேண்டிய நிலை அங்கே இல்லை என்றாலும், ஒவ்வொரு சாவடிக்கும் சீட்டு அச்சிட்டு, ஆள் நிறுத்தி, கூலி கொடுக்க வேண்டியிருந்ததால், புதிய கட்சிக்கு அதைவிடப் பெரிய கட்டணம் மறைமுகமாக விதிக்கப்பட்டிருந்தது. சாவடியின் மேற்பார்வையாளர்களும் இரு பெருங்கட்சிகளின் ஆட்களே.

இந்த நிலையில் 68,000 வாக்குகள் பெற்றது வியப்புக்குரியது. அதைவிடக் கவனிக்கத்தக்கது தோல்விக்குப் பின் நடந்தது. அரசே எல்லா வேட்பாளர் பெயரையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, தனி அறையில் மறைவாகக் குறியிடச் செய்யும் முறை, 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் தோன்றியதால் ஆஸ்திரேலிய வாக்குச்சீட்டு எனப்பட்டது. ஜார்ஜ் 1870-களின் தொடக்கத்திலேயே இதை ஆதரித்து எழுதியிருந்தார். 1886-இன் அனுபவம் அந்த எழுத்துக்குச் சான்றாயிற்று. டம்மனியின் தூதராக வந்த அதே ஐவின்ஸ், 1887-இல் நியூயார்க் தேர்தல்களில் பணம் பாயும் வழிகளை அம்பலப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டு, வாக்குச்சீட்டுச் சீர்திருத்தத்தின் முன்னணியில் நின்றார். 1890-இல் நியூயார்க் மாநிலம் அரசு அச்சிடும் சீட்டைச் சட்டமாக்கியது. ஒட்டுச்சீட்டுக்கு முதலில் இடம்விட்ட அரைகுறைச் சட்டம் அது என்றாலும், தெருவில் சீட்டு விநியோகித்த காலம் முடிவை நெருங்கியது.

தேர்தலுக்கு அடுத்த ஆண்டே தொழிலாளர் தினம் மாநிலத்தில் பொதுவிடுமுறையாயிற்று. நெரிசல் மிக்க பகுதிகளில் சிறு பூங்காக்கள் அமைக்கவும் சட்டம் வந்தது. இவை முழுவதும் ஜார்ஜின் வாக்குகளால் விளைந்தவை என்று சொல்லிவிட இயலாது. எனினும் அந்த வாக்குகளை எண்ணிப் பார்த்த பிறகே ஆட்சியாளர்க்கு விரைவு பிறந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

வென்ற ஹெவிட்டின் கதையும் இவ்வாராய்ச்சிக்குள் வருகிறது. நகரம் தன் பணத்தில் சுரங்க ரயில்பாதை அமைத்து, அதை ஓட்டும் உரிமையைத் தனியார்க்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று 1888-இல் அவர் திட்டம் முன்வைத்தார். அதே ஆண்டு புனித பாட்ரிக் திருநாளில் நகர மாளிகையில் அயர்லாந்துக் கொடியை ஏற்ற மறுத்து ஐரிஷ் வாக்காளரின் கோபத்துக்கு ஆளானதோடு, மறுதேர்தலில் டம்மனி வேட்பாளர் ஹியூ கிராண்ட்டிடம் தோற்றும் போனார். அவர் திட்டத்தின் அடிப்படையில் எழுந்த சுரங்கப்பாதை 1904 அக்டோபர் 27-இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே ஹெவிட் மறைந்துவிட்டார்.

ஜார்ஜ் 1897-இல் மீண்டும் நின்றார். புரூக்ளின் முதலியவற்றை இணைத்துப் பெருநகராகிய நியூயார்க்குக்கு முதல் மேயரைத் தேர்ந்தெடுத்த தேர்தல் அது. வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்னர், அக்டோபர் 29-இல், அவர் இறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் சேத் லோவும் அத்தேர்தலில் டம்மனியிடம் தோற்று, 1901-இல் வென்றார்.

4. எரிவாயுக் கட்டணமும் ஹெர்ஸ்ட்டும்: 1905

பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டை ஜார்ஜோடு ஒப்பிடுவோர் அவருடைய நேர்மையை ஐயுறுவர். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் தோல்வியின் விளைவை அளக்கும்போது வேட்பாளரின் நோக்கம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. மின்சாரம், எரிவாயு, போக்குவரத்து ஆகியவற்றை நகரமே உடைமையாக்கி நடத்த வேண்டும் என்ற கோரிக்கையோடு ‘நகராட்சி உடைமைக் கழகம்’ என்ற அணியின் சார்பில் 1905-இல் அவர் போட்டியிட்டார். ஏறத்தாழ 6,00,000 பேர் வாக்களித்த அத்தேர்தலில் டம்மனியின் ஜார்ஜ் மெக்லெல்லனிடம் சுமார் 3,500 வாக்குகளில் தோற்றார். வாக்குப்பெட்டிகள் ஈஸ்ட் நதியில் மிதந்ததாகச் செய்திகள் பரவின. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, மறு எண்ணிக்கையில் வித்தியாசம் குறைந்ததே தவிர முடிவு மாறவில்லை. அதே தேர்தலில் ரிபப்ளிகன் வேட்பாளராக நின்று மூன்றாம் இடம் பெற்றவர், முன்பு ஜார்ஜை விலக்கப் பார்த்த ஐவின்ஸ்.

அந்த ஆண்டில்தான் எரிவாயு நிறுவனங்களைப் பற்றிய சட்டமன்ற விசாரணையில் வழக்கறிஞர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் பெயர் பெற்றார். 1906-இல் ஆயிரம் கன அடி எரிவாயுவின் விலை ஒரு டாலரிலிருந்து 80 சென்ட்டாகச் சட்டத்தால் குறைக்கப்பட்டது. 1909-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. 1906-இல் ஹெர்ஸ்ட் ஆளுநர் பதவிக்கு நின்று ஹியூஸிடம் தோற்றார். வென்ற ஹியூஸ் 1907-இல் பொதுச்சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஆணையங்களை நிறுவினார். நகர உடைமை என்ற கோரிக்கை தோற்றது. அந்தக் கோரிக்கையின் வேகத்தைத் தணிப்பதற்காகவே அரசுக் கண்காணிப்பு வென்றது. தோற்றவர் கேட்டதில் பாதியைக் கொடுத்து மீதியைக் கேட்கவிடாமல் செய்வது வென்றவர்களின் பழைய உத்தி.

5. கதவு சாத்தப்பட்ட தோல்வி: 1917

தோல்வி எப்போதும் வழிதிறக்கும் என்று எண்ணிவிடாதிருக்க, 1917-ஐ நினைவிற்கொள்ள வேண்டும். ரிகாவில் பிறந்து நியூயார்க்கில் வழக்கறிஞரான மாரிஸ் ஹில்க்விட், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய ஏழாம் மாதத்தில் போரை எதிர்த்துச் சோஷலிஸ்ட் வேட்பாளராக நின்றார். போர்க்கடன் பத்திரம் வாங்க மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஏறத்தாழ 1,45,000 வாக்குகள் பெற்று, பதவியிலிருந்த மேயர் மிட்செலுக்கு மிக அண்மையில் மூன்றாவதாக வந்தார். அவரது வேட்பு தந்த எழுச்சியில் பத்து சோஷலிஸ்ட்டுகள் மாநிலச் சட்டமன்றத்துக்கும் எழுவர் நகர மன்றத்துக்கும் தேர்வாயினர். அதே நாளில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் மாநிலத் திருத்தமும் மக்கள் வாக்கில் வென்றது.

இதற்கு இரு பெருங்கட்சிகளும் அளித்த விடை, சோஷலிஸ்ட்டுகள் வலுவாக இருந்த தொகுதிகளில் பொது வேட்பாளரை நிறுத்துவது. 1920-இல் ஐந்து சோஷலிஸ்ட் உறுப்பினர்கள், கட்சியின் கொள்கை ஒன்றையே குற்றமாகக் காட்டிச் சட்டமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆதரித்த கொள்கைக்கு ஓர் இருக்கையும் மிஞ்சாதபடி செய்ய ஒற்றை உறுப்பினர் தொகுதிமுறை எவ்வளவு வசதியானது என்பது இதனால் விளங்கியது.

6. லா கார்டியா: குற்றச்சாட்டு உயிர்பெற்ற விதம்

1929-இல் ஃபியோரெல்லோ லா கார்டியா பெற்ற தோல்வி நகர வரலாற்றின் மிகப்பெரிய தோல்விகளுள் ஒன்று. கேளிக்கை விரும்பியாகப் பெயர்பெற்ற மேயர் ஜிம்மி வாக்கர் 8,67,000-க்கு மேல் வாக்குப் பெற, லா கார்டியா 3,68,000-ஐக்கூட எட்டவில்லை. ஒரு சட்டமன்றத் தொகுதியிலும் அவர் முன்னிலை பெறவில்லை. ஆனால் பிரசாரத்தில் அவர் எடுத்துவைத்த ஒரு குற்றச்சாட்டு தேர்தலோடு முடியவில்லை. நகர நீதிபதி ஆல்பர்ட் விட்டாலே, கொலையுண்ட சூதாட்டத் தலைவன் ஆர்னால்ட் ராத்ஸ்டைனிடம் 19,940 டாலர் கடன் வாங்கியிருந்தார் என்பதே அது. பங்குச்சந்தை சரிந்துகொண்டிருந்த அந்த வாரங்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்தல் முடிந்த அடுத்த மாதம் விட்டாலேயைப் பாராட்டி நடந்த விருந்தில் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து விருந்தினரைக் கொள்ளையடித்தபோது, அந்த விருந்தில் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. கடன் விவகாரமும் மேலே வந்தது. 1930-இல் அவர் பதவி நீக்கப்பட்டார். தொடர்ந்து சாமுவேல் சீபரி தலைமையில் நடந்த விசாரணை, நீதிமன்றத்திலிருந்து மேயர் மாளிகை வரை சென்றது. வாக்கர் 1932 செப்டம்பர் 1-இல் பதவி விலகினார். 1933-இல் லா கார்டியா வென்றார்.

அவர் காலத்தில்தான் வாக்குமுறையிலும் பெரிய மாற்றம் வந்தது. 1935-இல் நகர மன்றத்தின் 65 இடங்களில் 62-ஐ டெமாக்ரடிக் கட்சி வென்றிருந்தது. அதற்கு விழுந்த வாக்கோ மூன்றில் இரண்டு பங்கே. 1936-இல் மக்கள் ஒப்புதலோடு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் ஏற்கப்பட்டது. வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எண்ணிட, கட்சிகளின் வலிமைக்கு ஏற்ப இடங்கள் பகிரப்படும் முறை இது. 1937 முதல் 1945 வரை நடந்த தேர்தல்களில் சிறு கட்சிகளும், ஆடம் கிளேட்டன் பவல் போன்ற கறுப்பினத் தலைவர்களும் மன்றம் புகுந்தனர். கம்யூனிஸ்ட்டுகளும் புகுந்தனர் என்பதைக் காட்டி 1947-இல் அம்முறை நீக்கப்பட்டது. 1949-இல் பழைய முறையில் தேர்தல் நடந்தபோது 25 இடங்களில் 24 மீண்டும் ஒரே கட்சிக்குப் போயின.

7. எழுத்தாளர்களின் தோல்வி, படீயோவின் தோல்வி

1965-இல் பழமைவாத இதழாசிரியர் வில்லியம் பக்லி, சிறு கட்சியாகிய கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் நின்றார். வென்றால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது மறு எண்ணிக்கை கேட்பேன் என்றவர் அவர். பெற்றது நூற்றுக்கு 13 வாக்குகள். ஆனால் நியூயார்க் சட்டம் ஒரு வேட்பாளரைப் பல கட்சிகள் தனித்தனி வரிசையில் ஆதரிக்க இடந்தருவதால், சிறு கட்சியின் வரிசையில் விழும் வாக்கு தனியே எண்ணப்பட்டுப் பேரம் பேசும் வலிமையாகிறது. ஐந்தாண்டுக்குப் பின், 1970-இல், அதே வரிசையில் அவருடைய அண்ணன் ஜேம்ஸ் பக்லி செனட் சபைக்குத் தேர்வானார்.

1969-இன் டெமாக்ரடிக் முன்தேர்தல் இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. முன்தேர்தல் என்பது கட்சியின் வேட்பாளரைக் கட்சியில் பதிவுசெய்த வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. நாவலாசிரியர் நார்மன் மெய்லர், நகரத்தை ஐம்பத்தோராவது மாநிலமாக்க வேண்டும், மாதம் ஒரு ஞாயிறு வண்டிகள் ஓடாமல் நகரம் ஓய்வெடுக்க வேண்டும் என்ற கோரிக்கைகளோடு நின்று சுமார் 41,000 வாக்குகள் பெற்றார். அத்தேர்தலில் மரியோ புரோக்காச்சினோ வென்றது மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கே பெற்று. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து பிராங்க்ஸ் வட்டாரத் தலைவரான ஹெர்மன் படீயோ, மூன்றாவதாக வந்தவர், புரோக்காச்சினோவைவிடப் பின்தங்கியது சுமார் 38,000 வாக்குகளில். மெய்லருக்கு விழுந்தது அதற்கும் மேல். மெய்லரின் வாக்காளர் யாவரும் படீயோவுக்கே போட்டிருப்பார்கள் என்று கூற முடியாது. எனினும் ஒரே குறி இடும் சீட்டு, வாக்காளரின் இரண்டாம் விருப்பத்தைக் கேட்க மறுத்தது என்பது மறுக்க முடியாதது.

இதன் விளைவாக, முன்தேர்தலில் எவரும் நூற்றுக்கு 40 பெறாவிட்டால் முதல் இருவருக்கிடையே இரண்டாம் சுற்று நடத்த வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1973-இல் அச்சட்டத்தின்படி இரண்டாம் சுற்றுக்குச் சென்றவர் படீயோவே. அச்சுற்றில் ஏப் பீமிடம் அவர் தோற்றார். 1977-இல் இரண்டாம் சுற்றில் எட் காச்சிடம் தோற்ற மரியோ குவோமோ, 1982-இல் ஆளுநர் பதவிக்கான முன்தேர்தலில் அதே காச்சை வென்று ஆளுநரானார். 1989-இல் டேவிட் டிங்கின்ஸிடம் தோற்ற ரூடி ஜூலியானி 1993-இல் அவரை வென்றார்.

8. வரிசை எண்ணும் சீட்டு

இரண்டாம் சுற்றுக்குச் செலவு மிகுதி, வருவோர் குறைவு என்ற குறையால், 2019-இல் மக்கள் வாக்கின்மூலம் முன்தேர்தல்களுக்கு விருப்ப வரிசை வாக்குமுறை ஏற்கப்பட்டது. வாக்காளர் ஐவர் வரை வரிசையிடலாம். கடைசியில் நிற்பவர் நீக்கப்பட, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். 2021-இல் முதல் விருப்பங்களில் மூன்றாமவராக இருந்த காத்ரின் கார்சியா, வாக்குகள் கைமாறக் கைமாற மேலேறி, இறுதியில் எரிக் ஆடம்ஸிடம் 7,197 வாக்குகளில் தோற்றார். 2025 முன்தேர்தலில் ஸோரான் மம்தானியும் பிராட் லேண்டரும் ஒருவர் மற்றவரை இரண்டாமவராக வரிசையிடுமாறு தத்தம் ஆதரவாளரைக் கேட்டுக்கொண்டனர். லேண்டர் தோற்றார், ஆனால் 1969-இல் மெய்லரின் வாக்குகளுக்கு நேர்ந்த கதி அவருடைய வாக்குகளுக்கு நேரவில்லை. அவ்வாண்டு முன்தேர்தலிலும் பொதுத்தேர்தலிலும் இருமுறை தோற்றவர், முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ.

9. முடிவு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. தோற்றவரின் கோரிக்கையை வென்றவர் ஏற்பது பெருந்தன்மையால் அன்று. அடுத்த தேர்தலில் அந்த வாக்குகள் எங்கே போகும் என்ற கணக்கால். அக்கணக்கைப் போட, அவ்வாக்குகள் தனித்துக் கண்ணுக்குத் தெரியும்படி பதிவாகியிருக்க வேண்டும். சீட்டின் அமைப்பு அதை மறைத்தால் தோல்வி வெறும் தோல்வியாகவே நின்றுவிடும். மூன்றாவதாக, சீட்டின் அமைப்பை வென்றவர்கள் தாமாக மாற்றுவது அரிது. தெருவில் சீட்டு வாங்க வேண்டியிருந்த 1886, மூன்றில் ஒரு பங்கு போதுமாயிருந்த 1969 ஆகிய தோல்விகளே அதை மாற்றும் நெருக்கடியை உண்டாக்கின. ஆகவே நகராட்சி வரலாறு எழுதுவோர் ஒவ்வொரு தேர்தலுக்கும் வென்றவர் செய்த பணிகளைத் தொகுப்பதோடு, தோற்றவர் கேட்டவை அடுத்த பத்தாண்டுகளில் சட்டமாயினவா, திரிந்தனவா, தடுக்கப்பட்டனவா என்பதையும் தொகுத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும்போதுதான், தேர்தல் என்பது பதவிக்கு ஆளெடுக்கும் ஏற்பாடு மட்டுமன்று, நகரம் தன் அடுத்த கோரிக்கைகளைப் பதிவுசெய்யும் ஆவணமும் ஆகும் என்பது நிலைநாட்டப்படும்.